சேர் பெயரில் ஒரு கிண்ணம் நடத்தப்போய்த் தெரிந்துகொண்டவை

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை இருக்கிறது. தரம் 11, அதாவது ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். அங்கே எங்களுக்கு உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுத்த சேர் இரண்டு வருசத்துக்கு முன்னால் காலமானார். அவர் போன பிறகு அவர் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி நடத்துவதும், அவர் விட்டுப்போன அணியைக் கல்வி வலயப் போட்டிக்கு அனுப்புவதும் என் தலையில் வந்தன. கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு போட்டுப் போட்டு, பெரும்பாலும் தனியாகத்தான் அலைந்தேன். சேரைப் போன்ற ஒருவர் அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் இருந்திருப்பார். அவருக்காக ஏதாவது செய்யலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை அவர்களாவது தெரிந்து வைத்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சேர் கணித ஆசிரியர். விளையாட்டுக்கென்று ஓர் ஆசிரியர் எங்கள் பாடசாலைக்கு வந்ததே இல்லை. பின்னேரம் வகுப்பு முடிந்ததும் சேட்டுக் கையை மடித்துவிட்டு மைதானத்துக்கு இறங்கிவிடுவார். மைதானம் என்றால், காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சரிவான தரை. ஒரு பக்கம் ஆள் உயரம் தாழ்ந்திருக்கும். உயர அடித்த பந்து நேரே தேயிலைக்குள் உருண்டுவிடும், தேடி எடுக்கவே பாதி நேரம் போய்விடும். அதனால் பந்தைத் தரையோடு, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்து வாங்கத்தான் பழக்கினார். வெளியூர் அணிகள் எங்களைப் பார்த்து "சின்னச் சின்னதா பாஸ் குடுக்கிறானுங்க" என்று ஆச்சரியப்பட்டதற்குக் காரணம் அந்தச் சரிவு. கவ்வாத்து வெட்டிய வருசங்களில் இன்னும் கஷ்டம். சாய்த்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒவ்வொன்றும் கத்தி முனையாக நிற்கும், மேலே விழுந்த பந்து ஒரே குத்தில் காற்றுப் போய்விடும். அப்போது சேர் தரம் 6 பிள்ளைகள் நாலு பேரைக் கீழ்க் கோட்டில் வரிசையாக நிறுத்துவார். வெளியே போகிற பந்தை மறித்துப் பிடிப்பது அவர்கள் வேலை. அப்படிப் பிடித்துப் பிடித்தே எங்களுக்கு இரண்டு நல்ல கோல்காப்பாளர்கள் கிடைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 4ஆம் இலக்கப் பந்து, பெரியவர்களுக்கு 5ஆம் இலக்கம் என்பதில் கண்டிப்பாக இருப்பார். பத்து வயதுப் பிள்ளையிடம் 5ஆம் இலக்கத்தைக் கொடுத்தால் காலும் போகும் ஆசையும் போகும் என்பார்.

அவர் எங்களுக்குச் செய்த பெரிய காரியம் மைதானத்துக்கு வெளியே நடந்தது. தரம் 9 முடித்ததும் என்னைக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு அனுப்ப வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். கடைக்காரர் முற்பணமும் கொடுத்திருந்தார். அன்று பின்னேரம் நான் பயிற்சிக்குப் போகவில்லை. இருட்டினதும் சேர் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டுக்கு, வந்தார். வாசலில் நின்றபடியே, "அண்ணே, இவனுக்குக் காலும் வருது, கணக்கும் வருது. ஓ.எல். எழுதிட்டுப் போகட்டும். ரெண்டு வருசம் எனக்குக் குடுங்க" என்றார். அப்பா, "சேர் சொன்னா நான் என்னத்த சொல்ல? ஆனா வாங்கின காசு இருக்கே" என்றார். அந்த முற்பணத்தைச் சேர் திருப்பிக் கொடுத்தார் என்பது அப்பா இறப்பதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்தான் எனக்குத் தெரியவந்தது. இப்படி எத்தனை வீட்டு வாசலில் நின்றிருப்பாரோ. பாடசாலைக்கு வராதவன் அன்று பந்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த ஒரு சட்டத்தால் ஓ.எல். வரைக்கும் வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே பாதிக்கு மேல்.

ஒரு ராத்திரி நெஞ்சுவலி என்று சொன்னாராம். விடியும்போது செய்தி வந்துவிட்டது. செத்த வீட்டில் தோட்டத்துச் சனம் மட்டுமில்லை, தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து குவிந்தார்கள். நிறையப் பேர் பேசினார்கள், நிறையப் பேர் அழுதார்கள். கிண்ணம் நடத்த வேண்டும், சிலை வைக்க வேண்டும், மைதானத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்றெல்லாம் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே பேச்சு. எட்டாம் நாள் முடிந்ததும் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான நிலைமை தெரிந்தது. அடுத்த மாதம் வலயப் போட்டிக்கு 16 வயதுக்குட்பட்ட அணியின் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர் இலக்கங்கள், வேன்காரருடைய இலக்கம், மத்தியஸ்தர்களின் இலக்கம் எல்லாம் சேருடைய போனில் இருந்தன. போனுக்குப் பூட்டு, அதன் இலக்கம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் எங்கே வைத்திருந்தார் என்பதும் தெரியாது. லயம் லயமாகப் போய்க் கேட்டு வாங்கினேன். சிலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர். ஒரு பையனுக்கு அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, பதில் வருவதற்குள் பட்டியல் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது. நன்றாக ஆடுகிற பையன் அந்த வருசம் வெளியில் நின்று பார்த்தான். அவன் முகத்தை நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது. உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆசிரியர் இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே இந்த விவரங்களை ஒரு கொப்பியில் எழுதி, பிரதி ஒன்றைப் பாடசாலையிலும் இன்னொன்றைப் பழைய மாணவர் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள். பிள்ளை தரம் 6க்கு வரும்போதே சான்றிதழை இடாப்போடு ஒத்துப் பார்த்தால் திருத்த நாலைந்து வருசம் கிடைக்கும்.

கடன் விசயம் அதைவிட வலித்தது. டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, ஒரு கொப்பியைத் திறந்து காட்டினார். சேருடைய பெயரில் ஒரு பக்கம். பூட்ஸ், பந்து, முழங்கால் உறை, மறுபடியும் பூட்ஸ். மொத்தம் 68,500 ரூபா பாக்கி. தொடக்கத் திகதியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் போனதே, அந்த நேரம். இறக்குமதிச் சாமானெல்லாம் கையைக் கடித்த காலம். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆன பிறகும், ஆறாயிரம் ரூபா பூட்ஸ் என்றால் கொழுந்தெடுக்கிற ஓர் அம்மாவுக்கு நாலு நாள் சம்பளத்துக்கு மேல். பெற்றோரிடம் கேட்க மனம் வராமல் சேர் தன் பெயரில் கடன் எழுதி வாங்கியிருக்கிறார், மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வந்திருக்கிறார். வீட்டுக்கும் சொல்லவில்லை. சிலை வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. நாங்கள் சிலர் சேர்ந்து மூன்று தவணையில் கட்டி முடித்தோம். ஆகவே நினைவுக்காகக் காசு சேர்க்கத் தொடங்கினால் முதல் வேலையாக டவுனில் இருக்கிற கடை, வேன்காரர், தையல்காரர் எல்லாரிடமும் போய் அவருடைய கணக்கில் ஏதும் பாக்கி உண்டா என்று விசாரியுங்கள். அவர் வீட்டம்மா கடை வாசலில் நின்று பதில் சொல்லும்படி விடக்கூடாது.

இனி சுற்றுப்போட்டி. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கே நடத்த வேண்டும் என்று எல்லாரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அது யூன் மாதம். எங்கள் பக்கத்தில் மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை யூன், யூலையில் விடாமல் ஊற்றும். ஆனாலும் நாள் அதுதான் என்று முடிவானது. மைதானம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் சின்ன துரையிடம், அதாவது தோட்டத்து உதவி முகாமையாளரிடம், போய்க் கேட்டேன். "நல்ல விசயம், நடத்துங்க" என்று வாயால் சொன்னார். போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து. கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியில் தோட்ட ஆபிஸ் முத்திரை வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக எடுக்க வேண்டும், அதற்கும் அந்த முத்திரைக் கடிதம் உதவும். தோட்டத் தலைவர்மார் விசயத்திலும் கவனம் தேவை. ஒரு தொழிற்சங்கத்துத் தலைவருக்கு அழைப்பிதழ் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால் பாதி லயம் வராது. எல்லாச் சங்கத்துக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரிக் கடிதம் கொடுங்கள். மேடைக்கு அரசியல்வாதி யாரையும் கூப்பிடவில்லை. சேருடைய வகுப்பில் படித்த ஒரு கொழுந்தெடுக்கும் அக்காவைக் கொண்டுதான் பந்தை உதைத்துத் தொடக்கினோம்.

அனுசரணை தேடிப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மது, புகையிலை நிறுவனங்கள் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை கொடுப்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. "கம்பெனிக்காரங்க பெரிய தொகை தருவாங்க, நான் பேசித் தாரேன்" என்று ஒருவர் வந்தபோது இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். சட்டம் இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பேன். சம்பள நாளில் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பாமாரை வழியில் மறித்துப் பேசியவர் சேர்.

செலவைச் சொல்கிறேன், யாருக்காவது கணக்குப் போட உதவும். ஒலிபெருக்கி 18,000, கூடாரம் 15,000, கிண்ணமும் பதக்கமும் 32,000, சாப்பாடு 40,000, மத்தியஸ்தர்களுக்கு 20,000, பந்து, சுண்ணாம்பு, வலை என்று 15,000. மொத்தம் 140,000 ரூபா. வருமானம், 24 அணிகள், அணிக்கு 3,000 ரூபா நுழைவுக்கட்டணம். கடைக்காரர்கள் தந்தது 30,000. வருமானம் எல்லாம் சேர்த்து 102,000, கணக்கிலேயே 38,000 ரூபா துண்டு விழுந்தது.

அன்று காலையில் பனிமூட்டம். ஒன்பது மணிக்குத் தூறல் பிடித்தது. பத்தரைக்கு எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மழை. மைதானத்தின் தாழ்ந்த பக்கம் முழங்கால் தண்ணீர். முதல் சுற்றில் பாதிகூட முடியவில்லை. சமைத்த சாப்பாட்டில் பெரும்பகுதி அப்படியே இருந்தது, லயங்களுக்குக் கொடுத்தனுப்பினோம். அணித் தலைவர்கள் வந்து சுற்றி நின்று காசைக் கேட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, தூரத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். பாதியைத் திருப்பிக் கொடுத்தோம், 36,000 ரூபா. முடிவில் என் கையிலிருந்து போனது 74,000. சம்பளமில்லாத லீவு வேறு. கிண்ணங்களில் அன்றைய திகதியைப் பொறித்திருந்ததால் அவற்றை மறுபடி பாவிக்கவும் வழியில்லை. அன்று ராத்திரி கிண்ணப் பெட்டிகளை லய வராந்தாவில் அடுக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சேருக்கு ஒரு நல்ல நாள் நடத்திக் கொடுக்க முடியவில்லையே என்கிற துக்கம், காசு போனதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் சேருடைய வீட்டம்மாவைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், "தம்பி, அவரு செத்த நாளுதான் வேணுமா? அவருக்குப் புடிச்சது பங்குனி வெயிலு. அப்பத்தான் நாள் பூரா கிரவுண்ட்ல கிடப்பாரு. படத்துக்கு மாலை, கட்அவுட்டு எல்லாம் வேணாம். புள்ளைங்களுக்குப் பந்து வாங்கிக் குடுங்க." இறந்தவருடைய வீட்டாரைக் கேட்டு முடிவெடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான். அத்தனை கூட்டம் போட்டோம், அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருசம் மார்ச்சில் நடத்தினோம். நாளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் என்பதால் அதற்கு அடுத்த ஞாயிறு. அப்போதுதான் சனம் வரும், கையில் நாலு காசும் இருக்கும். கோயில் திருவிழா அந்தக் கிழமை இல்லை என்று கோயில் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அந்தக் கமிட்டியே அண்டா, கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருக்கிறது. உண்டியலில் ஒரு தொகை போட்டோம், வாடகைச் செலவு பெருமளவு மிச்சம். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும் என்பதால் காலை 8 மணிக்கே தொடங்கி 2 மணிக்குள் முடிப்பதாகத் திட்டம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, சேரே சொல்லித் தந்தது. தோற்றவர் வெளியேறும் போட்டியில் எத்தனை அணியோ அதில் ஒன்று குறைத்தால் அத்தனை ஆட்டம். ஒரு பாதிக்கு 10 நிமிடம், இடைவேளை, அணி மாறும் நேரம் எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 30 நிமிடம். 24 அணி என்றால் 23 ஆட்டம், பதினொன்றரை மணித்தியாலம். மலைநாட்டில் ஒரு மைதானத்தில் அது ஒரு நாளில் நடக்காது, மழையே இல்லாவிட்டாலும். 12 அணி என்றால் 11 ஆட்டம், ஐந்தரை மணித்தியாலம். 12க்கு மேல் வந்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு அடுத்த வருசம் என்று சொல்லிவிட்டோம். கோபப்பட்டார்கள்தான்.

விண்ணப்பப் படிவத்திலேயே மூன்று விசயம் அச்சடித்தோம். மழை வந்தால் அடுத்த ஞாயிறு, நுழைவுக்கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. எல்லா வீரரும் தேசிய அடையாள அட்டை கொண்டு வர வேண்டும், வெளியூரிலிருந்து ஆள் பிடித்து ஆடவிடுவது அதோடு நின்றது. மத்தியஸ்தர் முடிவே முடிவு. பதக்கங்களில் திகதி போடவில்லை. கிண்ணம் ஒன்றே ஒன்று, சுழற்கிண்ணம். வென்ற அணி ஒரு வருசம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் கோல் கம்பம் டர்பன்டைன் மரத்தில் செய்தது. குறுக்குக் கட்டை பச்சை மரமாக இருந்தால் பாரம் அதிகம். அடியில் நன்றாகப் புதைத்து, பின்னால் கயிறு கட்டி இழுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதில் தொங்காமல் பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் தோட்டப் பாதையில் ஏறி வர நேரமெடுக்கும். ஆகவே ஒரு வேனை டிரைவரோடு மைதானத்து ஓரத்தில் நாள் பூராவும் நிறுத்தி வைத்தோம். இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு பையனுக்குக் கை பிசகி, அந்த வேன்தான் கொண்டுபோனது.

காசை என் பெயரில் வைத்திருக்கவில்லை. முதல் தடவை என் கணக்கில் போட்டுச் செலவழித்தபோது, நான் கைக்காசை இழந்திருந்தும், முதுகுக்குப் பின்னால் பேச்சு வந்தது. இம்முறை பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்து, யாப்பு எழுதி, கூட்டக் குறிப்போடு விளையாட்டுக் கழகமாகப் பதிந்து, மூன்று பேர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கு திறந்தோம். வரவு செலவை எழுதிப் பெரட்டுக் களத்துச் சுவரிலும் கோயில் வாசலிலும் ஒட்டினோம். பதிவு முடிய மாதக் கணக்கில் இழுக்கும், ஆகவே போட்டிக்கு முந்தின வருசமே தொடங்குங்கள்.

எல்லாச் செலவும் போக 19,000 ரூபா மிஞ்சியது. அதில் வீட்டம்மா சொன்னபடி 4ஆம் இலக்கப் பந்து வாங்கினோம், மிச்சம் வலயப் போட்டிக்கு வேன் காசு. சேருடைய இடத்தில் இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு மிஸ் நிற்கிறார். சேர் போன வருசத்தில் பெயர் பிழையால் வெளியில் நின்ற பையன் இந்த முறை ஆடினான். பொம்பளைப் பிள்ளைகளும் பழக வருகிறார்கள், அவர்களுக்குத் தனி பூட்ஸ் இல்லை. பழைய மாணவர் ஒவ்வொருவரும் மாதம் 500 ரூபா போடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிறவர்களும் அதே 500தான் போட வேண்டும், கூடப் போட்டு ஒருவர் தலைமேல் சுமையாகி விடக்கூடாது என்பது என்னுடைய பிடிவாதம். கடையில் கடன் கொப்பி மட்டும் மறுபடி திறப்பதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.